கிரேவர் வழுக்குகிறது, முனை ஒடிகிறது: கையால் உலோகம் செதுக்குவது பற்றி ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஆறு கிரேவர் (உலோகத்தைச் சீவிக் கோடு செதுக்கும் கை உளி) கொண்ட ஒரு செட் வாங்கிப் பித்தளைத் தகட்டில் கோடு போட்டுப் பார்க்கிறீர்கள். பாதி நேரம் கருவி வழுக்கி ஓடுகிறது, மீதி நேரம் முனை ஒடிகிறது. கையில் பலம் போதவில்லையா, செட் மட்டமானதா, காற்றழுத்தக் கருவி வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். தங்கையின் கல்யாணத்துக்குள் ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழின் மூடியில் அவள் பெயரைச் செதுக்கித் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கையைப் பற்றிக் கவலை வேண்டாம். செட் உண்மையிலேயே மட்டமாக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு தொல்லைக்கும் காரணம் பெரும்பாலும் அதுவும் இல்லை. கடையிலிருந்து வரும் கிரேவர் வெட்டத் தயாராக வருவதில்லை. பெட்டியில் இருப்பது உளியாக வேண்டிய எஃகு. அதற்கு முகம் வைத்து, அடியில் பட்டை வைத்து, சாணை பிடித்து உளியாக்குவது வாங்கியவருடைய வேலை. இதை யாரும் பெட்டியின் மேல் எழுதி அனுப்புவதில்லை. செதுக்கு வேலையைப் பாதியில் விட்டவர்களை விசாரித்தால் பெரும்பாலோர் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளாமலே விட்டவர்களாக இருப்பார்கள். அதனால் இந்தப் பதிலில் பெரிய பங்கு சாணைக்குத்தான்.

அதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன உளி, சின்னச் சுத்தி, விடாமல் டக் டக் என்று தட்டிக்கொண்டே போவார்கள். அங்கே உலோகம் வெளியே வருவதில்லை. உளி பதிந்த இடத்தில் உலோகம் பள்ளமாகி இரண்டு பக்கமும் ஒதுங்குகிறது, அவ்வளவுதான். அப்புறம் வந்த மின்சாரப் பேனா அதையே புள்ளி புள்ளியாகச் செய்கிறது. கிரேவர் வேலை வேறு. இதில் முனை உலோகத்தைச் சீவி எடுக்க வேண்டும். முனைக்கு முன்னால் ஒரு சின்னச் சுருள் எழுந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். சுருள் வராமல் கோட்டின் இரண்டு கரையிலும் மேடு மட்டும் எழும்புகிறது என்றால் முனை வெட்டவில்லை, உழுதுகொண்டிருக்கிறது. உழும் முனையை எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கட்டத்தில் அது மேலே ஏறி ஓடத்தான் செய்யும். உங்கள் வழுக்கல் அதுதான்.

சரி, சாணைக்கு வருவோம். உங்கள் செட்டில் சதுரக் குறுக்குவெட்டு உள்ள கிரேவர் ஒன்று இருக்கும். மற்ற ஐந்தையும் ஓரமாக வையுங்கள். ஆரம்பத்தில் இந்த ஒன்று போதும். செட்டின் எஃகில் நம்பிக்கை இல்லை என்றால் லேத் சாமான் விற்கும் கடையில் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்ற எஃகு) டூல் பிட் கேளுங்கள். 1/8 அங்குலச் சதுரம், விலை அதிகம் இல்லை, எஃகு நம்பகமானது. சி.என்.சி. பட்டறைகளில் எண்ட் மில் என்ற வெட்டுக் கருவி ஒடிந்துபோய், அதன் கார்பைடு காம்பு வீணாகக் கிடக்கும். அதை வைரச் சக்கரத்தில் தீட்டினால் நல்ல கார்பைடு கிரேவர் கிடைக்கும். ஆனால் அது பிறகு. கார்பைடு கடினம், கூடவே நொறுங்கும் குணமும் உண்டு. பழகும் கைக்கு ஹெச்.எஸ்.எஸ். தான் பொறுமை காட்டும்.

சதுரத்தின் ஒரு மூலை அடியில் வருகிற மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள். எதிரே தெரியும் நுனியை 45 டிகிரிக்குச் சாய்வாகத் தேய்த்தால் வருவது முகம். பித்தளை, செம்பு, வெள்ளிக்கு 45 டிகிரி சரி. இரும்பு, எஃகு என்றால் 50, 55 வரை நிமிர்த்துங்கள். நிமிர்த்த நிமிர்த்த முனை தடித்து உறுதிப்படும், அதற்கேற்றபடி தள்ளும் பலமும் கூடுதலாகத் தேவைப்படும். முழு முகத்தையும் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மேல் பாதியைக் கிரைண்டரில் சரிவாகக் கழித்துவிட்டு அடியில் சின்ன முகம் மட்டும் மிச்சம் வையுங்கள். அடுத்தடுத்துத் தீட்டும்போது நேரம் மிச்சம், வெட்டும்போது முனையும் மறைக்காமல் தெரியும்.

கிரைண்டரில் காட்டும்போது சூட்டைக் கவனியுங்கள். ஹெச்.எஸ்.எஸ். சூடு தாங்கும். சாதாரணக் கார்பன் எஃகு தாங்காது. நுனியில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது, நீலம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை அது வெட்டாது. மலிவான செட்டுகள் பெரும்பாலும் கார்பன் எஃகுதான். அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தீட்டுங்கள்.

முகத்தோடு நிறுத்திவிட்டால்தான் வம்பு. முனைக்கு அடியில், மூலையின் இரண்டு பக்கத்திலும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில் இரண்டு சின்னப் பட்டை வைக்கவேண்டும். இதை ஹீல் என்பார்கள். உங்கள் கிரேவரில் இது இல்லை என்று பந்தயமே கட்டுவேன். ஹீல் இல்லாத கருவி தகட்டோடு படுத்தால்தான் வெட்டும். பிடியும் கையும் தகட்டில் இடிக்கும். கொஞ்சம் தூக்கினால் முனை குத்திக்கொண்டு இறங்கும், கொஞ்சம் தாழ்த்தினால் ஓடிவிடும். ஹீலை 15 முதல் 20 டிகிரி வைத்தால் பிடி அதே அளவுக்கு மேலே எழும், கைக்கு இடம் கிடைக்கும், ஆழத்தைப் பிடியின் உயரத்தாலேயே ஆளலாம். சற்று உயர்த்தினால் ஆழம், சற்று தாழ்த்தினால் மேலே வரும்.

ஹீலின் நீளத்தில்தான் நுணுக்கம் இருக்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேல் போகவேண்டாம். நேர்க்கோட்டுக்கு நீளமான ஹீல் நல்லது, தண்டவாளத்தில் போவதுபோல நிதானமாகப் போகும். வளைவுக்கு அதே ஹீல் எதிரி. முன்னால் முனை திரும்பிவிடும், பின்னால் ஹீலின் வால் பழைய திசையிலேயே இருக்கும், வளைவின் வெளிக்கரையைத் தேய்த்துவிடும். கோட்டின் ஒரு கரை பளிச்சென்றும் மறுகரை சிராய்த்துக் கலங்கியும் தெரிந்தால் ஹீல் நீளம் என்று அர்த்தம். சுழி, கொக்கி, சின்ன வட்டம் செய்ய 0.2, 0.3 மில்லிமீட்டர் போதும். இரண்டு பட்டையும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்பதும் முக்கியம். ஒன்று நீண்டிருந்தால் கருவி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும், உங்கள் கை நேராக இருந்தாலும்.

வெறுங்கையால் இந்தக் கோணங்களைப் பிடிக்க முடியுமா என்றால், பட்டறையில் வளர்ந்தவர்கள் பிடிக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு தாங்கி வேண்டும். டிகிரி அடையாளம் போட்ட சாணைத் தாங்கிகள் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கடிக்கும். வீட்டிலேயே செய்யலாம். ஒரு பித்தளைக் கட்டையில் 45 டிகிரி சாய்வில் துளை போட்டு, கிரேவர் நகராதபடி பக்கத்தில் ஒரு திருகு வையுங்கள். கட்டை கல்லின் மேல் உட்கார்ந்து நகரும், முகம் எப்போதும் ஒரே கோணத்தில் வரும். ஹீலுக்கு 15 டிகிரியில் இன்னொரு கட்டை. காற்றழுத்தக் கருவிக்கு எடுத்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு சின்னப் பங்கை முதலில் இதற்கும் நல்ல கல்லுக்கும் செலவு செய்யுங்கள்.

கல் என்றால் மூன்று நிலை. உருவம் கொடுக்க 260 அல்லது 400 கிரிட் (எண் கூடக் கூட நைசு) வைரத் தகடு, அடுத்து 600, முடிக்க 1200. முடிந்தால் கடைசியில் பீங்கான் தட்டில் அரை மைக்ரான் வைரப் பசை தடவி மெருகு. பழைய ஆட்கள் எண்ணெய்க் கல்லிலேயே முடிப்பார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். மெருகு எதற்கு என்று நினைக்காதீர்கள். வெட்டிய பள்ளத்தின் சுவர் ஹீலின் நகல். ஹீல் கண்ணாடி மாதிரி இருந்தால் பள்ளமும் அப்படியே மின்னும். நகைகளில் வைரம் பதித்ததுபோல் பளீரிடும் அந்த வெட்டு, வெட்டிய பிறகு மெருகேற்றியது இல்லை, மெருகேற்றிய உளியால் வெட்டியது. வரிசை: முகம், பிறகு ஹீல், கடைசியாக முகத்தை ஒருமுறை மெதுவாகத் தொட்டு ஹீல் தீட்டும்போது எழுந்த பிசிறை எடுப்பது.

கூர் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. கட்டைவிரல் நகத்தில் முனையைச் சாய்வாக, அழுத்தாமல், சும்மா வையுங்கள். பிடித்து நின்றால் கூர். சறுக்கினால் மழுங்கல். இன்னொன்று, விளக்குக்குக் கீழே லூப்பில் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி) முனையைப் பார்ப்பது. நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பாது. நுனியில் ஊசிப் புள்ளி அளவுக்கு ஒரு வெள்ளை மினுக்கம் தெரிந்தால் முனை போய்விட்டது, திரும்பத் தீட்ட வேண்டும். வேலை நடுவில் அடிக்கடி இதைச் செய்யுங்கள். வழுக்கிய பிறகு தீட்டுவதைவிட வழுக்கும் முன் தீட்டுவது எவ்வளவோ மேல்.

இனி ஒடிவது. முனை ஒடிவதில் பெரும்பாலானவை வெட்டும்போது நடப்பதில்லை, வெளியே எடுக்கும்போது நடக்கும். கோடு முடிந்ததும் முனை இன்னும் உலோகத்துக்குள் இருக்கையில் பிடியைத் தூக்கினால் அல்லது பக்கவாட்டில் நெம்பினால், டப். முடிக்கும் இடம் நெருங்கும்போது தள்ளுவதை விடாமல் பிடியை மெல்லத் தாழ்த்துங்கள். முனை தானாகவே மேலே ஏறி வந்து சுருளை அறுத்துக்கொண்டு வெளியேறும். கோட்டின் வாலும் அழகாக மெலிந்து முடியும். இதையும் செய்து முனை ஒடிந்துகொண்டே இருந்தால், இரண்டு ஹீலும் சேரும் அடிக்கூரை மிக நைசான கல்லில் ஒரே ஒரு தடவை, பட்டும் படாமலும் தொட்டு எடுங்கள். ஊசி முனையின் பலவீனம் குறையும், வெட்டில் வித்தியாசம் தெரியாது.

ஒடிந்த துண்டைத் தேடுங்கள். அது பள்ளத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கும். புதிதாகத் தீட்டிய முனை அதே பள்ளத்தில் போய் அந்தத் துண்டில் மோதி மறுபடி ஒடியும், காரணம் புரியாமல் தவிப்பீர்கள். லூப்பை வைத்துக்கொண்டு ஊசியால் நெம்பி எடுங்கள், அல்லது எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டி அதை அடியோடு தூக்குங்கள்.

பிடிப்பு. காளான் வடிவ மரப்பிடி உள்ளங்கைக் குழியில் உட்கார வேண்டும். ஆட்காட்டி விரல் கருவியின் மேல் நீண்டிருக்க, விரல் நுனிக்கு அப்பால் எஃகு இரண்டு செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் பின்பக்கத்தை அறுத்துப் பிடியில் இறக்குங்கள். செட்டில் வரும் கிரேவர்கள் எல்லாக் கைக்கும் நீளம். கட்டைவிரல்தான் பிரேக். அது தகட்டின் மேல் நன்றாக ஊன்றியிருக்க, கருவி அதன் ஓரத்தை ஒட்டிக்கொண்டு சிறிது சிறிதாக முன்னேறும். வழுக்கினாலும் கட்டைவிரல் சில மில்லிமீட்டரில் நிறுத்திவிடும். பலம் உள்ளங்கையிலிருந்து வரட்டும். தோளிலிருந்து தள்ளினால் வழுக்கும்போது கை அரை அடி போகும். இடது கை எந்த நேரத்திலும் முனைக்கு முன்னால் இருக்கக்கூடாது. கிரேவர் குத்து சின்ன ஓட்டை, ஆழமான காயம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சுருளைக் கையால் துடைக்காமல் பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

வளைவு வெட்டும்போது வலது கை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க, இடது கை தகட்டை முனைக்குள் திருப்பிக்கொடுக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பேனாபோல் கருவியைத் திருப்புகிறார்கள், மணிக்கட்டு ஒரு அளவுக்கு மேல் வளையாது, அங்கேதான் கோடு கோணலாகும். ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சடித்தவர்கள் மணல் அடைத்த தோல் பையின் மேல் தகட்டை வைத்துச் சுழற்றியே வேலை செய்தார்கள். அந்தக் கலையின் பெரிய பெயரான ஆல்பிரெக்ட் டியூரர் பொற்கொல்லரான அப்பாவின் பட்டறையில் தொழில் பழகியவர். மணல் பை இன்றைக்கும் மோசமில்லை. செருப்புத் தைப்பவரிடம் தோல் கொடுத்தால் தைத்துத் தருவார், நைசான மணலை இறுக்கி அடையுங்கள். உருண்டை அடியும் மேலே சுழலும் தாடையும் உள்ள பால் வைஸ் இதைவிட எவ்வளவோ வசதி. அதன் எடைதான் அதன் குணம், நீங்கள் தள்ளும்போது அது நகரக்கூடாது. ஒரு விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுற்றவேண்டும்.

தகட்டை நேராக வைஸில் கடிக்கவிடாதீர்கள். நம் ஆசாரிமார்கள் நகாசு வேலைக்குச் செய்வதுபோல அரக்கில் பதியுங்கள். குங்கிலியம், சலித்த செங்கல் தூள், கொஞ்சம் எண்ணெய் மூன்றையும் மிதமான சூட்டில் உருக்கிக் கலந்து மரக்கட்டையின் மேல் ஊற்றி, தகட்டைச் சூடாக்கி அதில் அமுக்க வேண்டும். எண்ணெய் கூடினால் இளகும், குறைந்தால் செதுக்கும்போது வெடிக்கும். செதுக்கு வேலைக்குக் கொஞ்சம் கடினமாகவே இருக்கட்டும். நேரடித் தீயில் உருக்கவேண்டாம், பற்றிக்கொள்ளும். ஈரமான எதிலும் ஊற்றவும் வேண்டாம், தெறிக்கும்.

எந்த உலோகத்தில் பழகுவது? பலரும் செம்பு மிருதுவானது என்று அதில் தொடங்குகிறார்கள். மிருதுதான், ஆனால் பிசுபிசுப்பானது. முனையில் ஒட்டிக்கொண்டு இழுக்கும், அதுவும் தீயில் காட்டி மிருதுவாக்கிய செம்பு மகா தொல்லை. அரைக் கடினமான தகடு வாங்குங்கள், முனையை அடிக்கடி எண்ணெயில் தொடுங்கள். பித்தளை பழகுவதற்கு நல்லது. ஈயம் கலந்த வகைப் பித்தளையில் நீளச் சுருள் வராது, துண்டு துண்டாகத் தெறிக்கும், அது உங்கள் தவறில்லை. 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) செதுக்குபவருக்குக் கிடைத்த வரம், வெண்ணெயும் இல்லை இரும்பும் இல்லை, சொன்னபடி கேட்கும். சுத்த வெள்ளியும் 22 காரட் தங்கமும் அதைவிட மிருது, கோடு எளிதில் ஆழமாகிவிடும். என் அபிப்பிராயத்தில் பயிற்சிக்கு மிகச் சிறந்தது சாதாரண மைல்டு ஸ்டீல் தகடுதான். சாணையில் சின்னக் குறை இருந்தாலும் உடனே காட்டிக்கொடுக்கும், மலிவும்கூட. எவர்சில்வரை இப்போது தொடவேண்டாம். முனை வெட்டாமல் உரசினால் உரசிய இடம் அங்கேயே இறுகி இன்னும் கடினமாகிவிடும், அப்புறம் அந்த இடத்தில் எதுவும் இறங்காது.

வெளிச்சமும் கண்ணும் பற்றிச் சுருக்கமாக. பளபளக்கும் தகட்டில் நேரடி விளக்கு கண்ணைக் கூசவைக்கும், கோடு தெரியாது. விளக்கின் முன் ஒரு ட்ரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள், வெளிச்சம் பரவி வரும். தலையில் மாட்டும் 2.5 மடங்கு பூதக்கண்ணாடி ஆரம்பத்துக்குப் போதும்.

வடிவத்தைத் தகட்டில் ஏற்றுவது எளிது. தகட்டை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, வெள்ளைப் போஸ்டர் கலரை விரல் நுனியால் தட்டித் தட்டி மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் பென்சிலால் வரையலாம். வரைந்ததைக் கூரான ஊசியால் லேசாகக் கீறிவிடுங்கள், வண்ணம் உதிர்ந்தாலும் கோடு நிற்கும். லேசர் பிரிண்டரில் கண்ணாடி பிம்பமாக அச்செடுத்துக் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் அசிட்டோன் நனைத்த பஞ்சால் அழுத்தினாலும் டோனர் தகட்டில் இறங்கும். மை ஜெட் பிரிண்டருக்கு இது நடக்காது.

பயிற்சியை இப்படிப் பாருங்கள். முதலில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் நேர்க்கோடுகள், எல்லாம் ஒரே ஆழம். இது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் கையின் எல்லாப் பழக்கமும் இதில் வெளியே வந்துவிடும். ஒரு கோட்டில் எங்கே அகலம் கூடியதோ அங்கே பிடி உயர்ந்தது என்று அர்த்தம். ஆழமும் அகலமும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. அடியில் இரண்டு பக்கமும் சேரும் கோணம் 90 டிகிரியாக உள்ள முனை 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம். 120 டிகிரி முனை அதே ஆழத்தில் கிட்டத்தட்ட 0.35. அதனால்தான் எழுத்துக்கும் கொடி வேலைக்கும் 120 டிகிரியை விரும்புகிறார்கள், ஆழமில்லாமல் அகலம் கிடைக்கிறது, மெல்லிய தகடும் தாங்குகிறது. நுணுக்கமான நிழல் கோடுகளுக்கு 90. நீங்கள் தீட்டும் சதுரக் கிரேவர் இயல்பாகவே 90 டிகிரி. ஹீலை அடிப்பக்கமாகக் கொஞ்சம் படுக்கவைத்துத் தீட்டினால் விரிந்த கோணம் வரும்.

நேர்க்கோடு கைவந்ததும் வாலும் தலையும் மெலிந்து நடுவில் தடிக்கும் கோடு. பிறகு வில் வளைவு, இடம் புரியாகவும் வலம் புரியாகவும். எல்லோருக்கும் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் சிரமமாகவும் இருக்கும், சிரமமான பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் கொடுங்கள். அதன் பிறகுதான் எழுத்து.

தமிழ் எழுத்துக்கென்று சில விஷயம் சொல்லவேண்டும், ஏனென்றால் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் ரோமன் எழுத்தை வைத்துத்தான். நம் எழுத்து உலோகத்துக்குப் புதிதில்லை. லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்ற, சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகளின் பெரிய தொகுதியில் 21 ஏடுகள், எடை சுமார் 30 கிலோ, பெரும்பகுதி தமிழ். அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், எழுத்துகள் எப்படி வரிசை தவறாமல் நிற்கின்றன என்பதற்காகவாவது. பழகும் வரிசையை நான் இப்படி வைப்பேன்: ட, ப, ம முதலில், பெரும்பாலும் நேர்க்கோடும் மூலையும்தான். பிறகு ய, வ, ல. கடைசியில் ண, ஞ, ழ, இ. தமிழில் கஷ்டம் சுழிதான். ண-வின் சுழியை ஒரே இழுப்பில் வெட்ட ஆசை வரும். இரண்டு பாதியாக வெட்டுங்கள். ஒவ்வொரு பாதியும் மெலிசாகத் தொடங்கி, தடிப்பான இடத்தில் மற்றதைச் சந்திக்கட்டும். சந்திக்கும் இடத்தில் ஆழம் ஒத்துப்போனால் ஒட்டு தெரியாது. சுழியின் உட்பக்கம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உலோகத் தீவு நிற்கும், அதை முனை உரசினால் பிய்ந்து போகும். அதனால் எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போகவேண்டாம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு முனையை நிமிர்த்திக் குத்தி, தகட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அழகான கூம்புக் குழி விழும். தடிப்பு எங்கே, மெலிவு எங்கே என்பதை வெட்டும் முன்பே காகிதத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். இறங்கு கோடு எல்லாம் தடிப்பு, படுக்கைக் கோடும் சுழியும் மெலிவு என்று வைத்தால் என் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. ஒரு பெயருக்குள் அந்த முறை மாறாமல் இருக்கவேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

வழுக்கிக் கீறல் விழுந்துவிட்டால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள், அந்த இடம் மட்டும் பள்ளமாகி வெளிச்சத்தில் காட்டும். நன்றாக மெருகேற்றிய வட்ட எஃகுக் கம்பியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கீறலின் இரண்டு கரையிலிருந்தும் உலோகத்தை நடுவுக்குத் தேய்த்து நகர்த்துங்கள். லேசான கீறல் அதிலேயே மூடிவிடும். மிச்சம் இருந்தால் கடினமான கட்டையில் சுற்றிய 1000 கிரிட் தாளால், அந்த இடத்தையும் தாண்டிப் பரவலாகத் தேய்த்து முடியுங்கள்.

காற்றழுத்தக் கருவிக்கு வருகிறேன். கைப்பிடிக்குள் ஒரு சின்னப் பிஸ்டன் கிரேவரின் பின்னால் மிக வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்கும், நீங்கள் வழிகாட்டினால் போதும். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் உள்ள ஜி.ஆர்.எஸ். நிறுவனம் இந்த வகைக் கருவியைப் பரவலாக்கியது. எஃகிலும் நாள் முழுக்கச் செய்யும் தொழிலிலும் அது பெரிய உதவி, தோளும் மணிக்கட்டும் தப்பிக்கும். ஆனால் மழுங்கிய முனையை அது கூராக்காது. தவறான ஹீலோடு பூட்டினால் அதே தவறு இன்னும் வேகமாக நடக்கும். உங்களால் ஒரு முனையைத் தீட்டி, அதே வேலையில் ஒடியாமல் பத்துப் பன்னிரண்டு கோடு போடமுடிகிற நாளில் வாங்குங்கள். அதுவரை எஃகில் ஆழமாக வெட்டவேண்டி வந்தால் சுத்தியும் உளியும் இருக்கின்றன. 50 கிராம் அளவிலான சின்னச் சுத்தி, கொஞ்சம் நீளமான உளி. கர்நாடகத்தின் பீதரில் பித்ரி என்ற பதிப்பு வேலைக்கு உலோகத்தை உளியால் செதுக்கித்தான் வெள்ளிக் கம்பியைப் பதிக்கிறார்கள். இத்தாலியின் கார்தோனேயிலும் ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கிலும் துப்பாக்கிகளின் மேல் நடந்த அலங்கார வேலைக்கும் சுத்தியும் உளியும்தான் அடிப்படை.

கடைசியாகக் குங்குமச்சிமிழ். வாங்கும்போது மூடியின் கனம் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்குக் குறைவான தகட்டில் எழுத்து பின்பக்கம் துருத்திக்கொண்டு தெரியும். பூவேலை ஏற்கெனவே அச்சடித்த மூடி வேண்டாம், மேற்பரப்பு சமமாக இருக்காது. மெருகு எல்லாம் முடித்த பிறகுதான் செதுக்கவேண்டும். செதுக்கிய பின் பஃபிங் வீலில் கொடுத்தால் வெட்டின் விளிம்புகள் உருண்டு, பெயர் பழசாகிப்போனதுபோல் ஆகிவிடும். கடைக்காரர் கொடுக்கச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூடியின் உட்பக்கம் முழுக்க அரக்கை நிரப்பி மரக்கட்டையில் பதியுங்கள், எங்கேயும் காற்றுக் குமிழி இருக்கக்கூடாது. விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும். பழைய வெள்ளித் துண்டு ஒன்றில் அதே பெயரை அதே அளவில் முழுதாக வெட்டிப் பார்த்துவிட்டு, முனையைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு மூடிக்கு வாருங்கள். முதலில் மயிரிழைக் கோடாக எல்லா எழுத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள், இரண்டாம் முறையில் தடிப்புக் கொடுங்கள். 0.15 மில்லிமீட்டர் ஆழம் தாராளம்.

முடிந்ததும் மூடியைத் தீயில் காட்டி எடுக்க வேண்டாம், வெள்ளி கறுக்கும். கட்டையோடு ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மரத்தின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் அரக்கு விட்டுக்கொடுக்கும். உள்ளே ஒட்டியிருப்பதை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மிருதுவான பிரஷ்ஷால் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.